சாத்தோ-சான் படுத்திய பாடு

"சாத்தோ-சான், அந்தக் கை உங்களுக்கு வராது."

மகள் ஷிரின் சொன்னதும், வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்த இடது கையை பீர் முகைதீன் அவசரமாகக் கட்டிலில் போட்டார்.

மறந்தே போயிருந்தார். பகல் முழுக்கப் போட்டாதாங் படகுத்துறைக் கடையில் படகுக் கயிறு அளந்து விற்கிற கை அது. மாலையில் பக்கத்துப் பேட்டையான பசுந்தாங்கில் தன் வீட்டுக் கட்டிலில் ஏறிவிட்டால், ஒசாகா முதியோர் இல்லத்தில் ஒரு பக்கம் வாதத்தில் விழுந்துபோன சாத்தோ என்ற கிழவரின் கை.

ஜப்பானில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு நேரமில்லையாம். அதனால் பசுந்தாங்கிலிருந்து பிள்ளைகள் போகிறார்கள். போவதற்கு முன் படிக்க வேண்டும். படித்ததை யார் மீதாவது பழக வேண்டும். வீட்டில் சிக்கியவர் வாப்பா.

அவரும் சும்மா சிக்கவில்லை. வெறுத்துப்போய் இவள் புத்தகத்தை மூடட்டும் என்று ஆரம்பத்திலிருந்தே படுத்தி எடுத்தார். கஞ்சியைத் துப்பினார். சட்டையைக் கழற்ற விடாமல் முறுக்கிக்கொண்டார். குளிக்கக் கூப்பிட்டால் மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தார்.

ஷிரினுக்குக் கோபமே வரவில்லை. பாடத்தில் கோபம் கிடையாது.

கட்டிலருகே மண்டியிட்டு, அவர் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்து, வலிக்கிறதா என்று ஜப்பானியத்தில் குழைந்து கேட்டாள். பிறந்ததிலிருந்து இந்தப் பெண் அவரிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கரண்ட் வந்ததும் போனைச் சார்ஜில் போடச் சொல்வாள், அவ்வளவுதான்.

கடைசியில் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் சயாமா என்று கூப்பிடும் ஆசிரியை வகுப்பையே கைதட்டச் சொன்னார். முரண்டு பிடிக்கிற கிழவர்களைச் சமாளிப்பதில் ஷிரினை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"நல்லாக் கெடுத்தீங்க," என்றாள் பீர் முகைதீனின் மனைவி பல்கீஸ். "நீங்க படுத்துன படுத்துல பிள்ளை கெட்டிக்காரி ஆயிட்டா."

இன்று அவர் துப்பவில்லை. தாடையைத் தாழ்த்தி ஒரு கரண்டி, விழுங்கியதும் அடுத்த கரண்டி. கஞ்சி சமர்த்தாக இறங்கியது. அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். சட்டை மாற்றும்போது வாதக் கையைத் தானே தூக்கிக் கொடுக்கப் போய்த் திட்டு வாங்கினார்.

அடுத்தது மறதிப் பாடம்.

சாத்தோவுக்கு மறதி. பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார். அதற்குப் பொய்யும் சொல்லக் கூடாது, உண்மையைச் சொல்லி நோகடிக்கவும் கூடாது. பேச்சை மெதுவாக வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

அந்தக் கேள்வியை அவர் எப்போதும் ஜப்பானியத்தில்தான் கேட்பார், மனப்பாடம் செய்த கிளி மாதிரி. இன்று தமிழில் வந்துவிட்டது.

"என் மக எப்ப வருவா?"

ஷிரின் அவர் சட்டையின் கடைசிப் பொத்தானை மாட்டினாள். பிறகு மண்டியிட்டாள். கண்ணுக்கு நேராகக் கண் வந்தது.

"காத்து நல்லா வருது, சாத்தோ-சான். பால்கனியில உக்காந்து டீ குடிப்பமா?"

அவளும் தமிழில்தான் சொன்னாள். முழு மதிப்பெண் போடலாம்.

அடுத்த அறையில் பல்கீஸ், மூட மறுக்கிற பெரிய பெட்டி ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"பரீட்சை போன மாசமே பாஸாயாச்சு," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "விடிஞ்சா பிளைட்டு. இன்னும் என்ன படிப்பு ரெண்டு பேருக்கும்? வந்து இந்தப் பெட்டியை அமுக்குங்க."

இருவருக்கும் காது கேட்கவில்லை.

"அந்தக் கஞ்சிப் பாடத்தை இன்னொரு தடவ பாத்துடுவோம்மா," என்றார் பீர் முகைதீன். "எனக்கு இன்னும் சரியா வரல."