பூந்தேரின் வயிற்றெரிச்சல்

ஒரே சர்வரில் இரண்டு வலைத்தளங்கள் குடியிருந்தன. பெரியது பூந்தேர். ஓடும் படங்கள், பாட்டு, திறந்ததுமே முகத்தில் வந்து விழும் விளம்பரம் என்று அதற்கு ஏகப்பட்ட அலங்காரம். பக்கத்துக் குடித்தனம் கடுகு. காலையில் அது போடுவது ஒரே வரிதான்: இன்று பள்ளிக்கு மழை விடுமுறை உண்டா, இல்லையா.

மழை பிடித்துக்கொண்டால் ஊரே கடுகிடம்தான் ஓடும். பூந்தேருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு படத்துக்குக்கூட வழியில்லாத மூஞ்சிக்கு இத்தனை கூட்டமா!"

"நீங்களும் அந்த வரியைப் போடுங்களேன், அக்கா" என்றது கடுகு.

பூந்தேர் போட்டது. பாட்டுக்கும் படங்களுக்கும் கீழே, மினுமினுக்கும் எழுத்தில்.

மறுநாள் அடைமழை. பிள்ளைக்கு ஒரு காலில் ஷூவை மாட்டிவிட்டு ஓர் அம்மா பூந்தேரைத் திறந்தாள். காத்திருக்கச் சொல்லி ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அலுத்துப்போய்க் கடுகைத் திறந்தாள். திறந்த கையோடு "விடுமுறை" என்று வந்தது. பிள்ளை ஷூவை உதறிவிட்டுக் குதித்தான்.

பூந்தேர் பொருமித் தள்ளியது.

"அவள் அந்த வட்டத்தை மட்டும்தானே பார்த்தாள்? இன்றைக்கே அதற்கு ஜிகினா ஒட்டுகிறேன். அப்புறம் எப்படிப் போகிறாள், பார்க்கிறேன்!"