தொப்பி எழும்பும் இடம்

"கையை எடுத்தாச்சு சார். தடயமே இல்ல" என்றாள் அந்தப் பெண்.

எடிட்டர் குனிந்து பார்த்தார். ஒரு விரல்கூட மிச்சமில்லை. ஐம்பது வருஷமாக அவர் தூக்கத்தைக் கெடுத்த கை அது.

"பழசை வெச்சிருக்கவா, அழிச்சிடவா சார்? ஃபிலிம் சுருளெல்லாம் பொடிப்பொடியாப் போச்சு. வேற பிரதியும் கிடையாது."

"அழிச்சிடும்மா. அது இருக்கவே கூடாது."

பயப்படாதீர்கள், கொலை கிலை எதுவும் இல்லை. ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தூசு தட்டும் வேலைதான் அந்தப் பெண்ணுக்கு. மருந்தைக் குடித்துக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஒரு குமாஸ்தா, தன் முதலாளியைப் படாதபாடு படுத்தும் சிரிப்புப் படம். அதில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பது எடிட்டர் மட்டும்தான் என்பதால் மேற்பார்வைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

படத்தில் நாற்காலி தானாக நகரும், பேனா தானாக எழுதும். எல்லாம் 'நிழல்' அண்ணனின் வேலை. அப்படித்தான் ஸ்டுடியோவில் அவரைக் கூப்பிடுவார்கள். கருப்புத் திரைக்கு முன்னால், தலை முதல் கால்வரை கருப்புத் துணியும் கருப்புக் கையுறையும் போட்டுக்கொண்டு அவர்தான் பொருட்களை அசைப்பார். கருப்போடு கருப்பாக, கேமராவுக்கு ஆள் தெரியாது.

ஒரே ஒரு இடம் தவிர. கதாநாயகிக்கு மரியாதை செய்ய மாயக் குமாஸ்தாவின் தொப்பி தானாக மேலே எழும்பும். கையுறை போட மறந்துவிட்டார் போல, அந்த ஷாட்டில் மட்டும் நிழல் அண்ணனின் வெறும் கை ஒரு கணம் தெரியும். விரலில் மோதிரம் வேறு. போதாக்குறைக்கு விரல்கள் லேசாக அசையவும் செய்யும்.

வெட்டும் மேஜையிலேயே எடிட்டர் அதைப் பார்த்துவிட்டார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அப்படியே ஒட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஊரே கவனித்தது. 'மாய மனிதனுக்கு மோதிரம் போட்டது யார்?' என்று பத்திரிகைக்காரன் கிண்டலடித்தான். டைரக்டர் எல்லோரையும் நிற்கவைத்துக் கத்தியபோது நிழல் அண்ணன்தான் முன்னால் வந்தார். "என் கைதான் சார். தப்பு என்மேலதான்."

வேலை போயிற்று. பிறகு எந்த ஸ்டுடியோவும் அவரைச் சேர்க்கவில்லை. கிடங்கில் மூட்டை தூக்கியே காலத்தை ஓட்டினார். "நானும் பார்த்தேன் சார், நான்தான் விட்டுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல எடிட்டருக்கு வாய் வரவில்லை. அண்ணன் இருந்தவரை அவர் வீட்டுப் பக்கம் போகவும் முகமில்லை.

இப்போது அண்ணன் போய் நாலு வருஷம். தூசு தட்டிய படத்தை டிவியில் செருகும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு எடிட்டர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வாங்க தம்பி. உங்களப்பத்தி நிறைய சொல்வாரு" என்றார் அண்ணி. அதைக் கேட்டதும் எடிட்டர் இன்னும் குறுகிப்போனார்.

சின்ன அறை. ஒரு டிவி, ஒரு கட்டில், அதே படத்தின் தேய்ந்துபோன ஒரு வீடியோ கேசட். சுவரில் அண்ணன் படம் ஒன்றுகூட இல்லை.

"போட்டோன்னாலே ஓடிருவாரு தம்பி. நான் பின்னாடி நிக்கற ஆளு, எனக்கெதுக்கும்பாரு." அண்ணி கேசட்டைத் தடவினார். "இதுலயும் அந்தத் தொப்பி வர்ற இடம் தேஞ்சு வெறும் கோடாத்தான் ஓடுது. நீங்க போன்ல புதுசுன்னு சொன்னதும் நேத்தெல்லாம் தூக்கமே வரல."

படம் ஓடியது. அண்ணி நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலாளியின் டோப்பா பறந்து நாயின் தலையில் உட்கார்ந்தபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

தொப்பி எழும்பியது. காற்றில் அழகாக ஆடி, பழைய இடத்தில் இறங்கியது. சுத்தமான வேலை.

அண்ணி சிரிக்கவில்லை. "கொஞ்சம் பின்னாடி போங்க தம்பி."

மறுபடி தொப்பி எழும்பியது. அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொரு தடவை."

மூன்றாம் முறை பார்த்துவிட்டுக் கேட்டார். "கை எங்க தம்பி?"

அதற்காகத்தானே வந்திருக்கிறார். எடிட்டர் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எடுத்துட்டேன் அண்ணி. அன்னிக்கு மேஜையிலயே நான் அதைப் பார்த்தேன். சோம்பேறித்தனமா விட்டுட்டேன். அண்ணன் பழியை ஏத்துக்கிட்டப்பவும் வாயைத் திறக்கல. உங்க குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்தினவன் நான்தான். அந்த அவமானம் இனிமே யார் கண்ணுலயும் படாது அண்ணி. பழசையும் அழிக்கச் சொல்லிட்டேன்."

அண்ணி டிவி கண்ணாடியில் தொப்பி இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அவரு ஒண்ணும் மறக்கல தம்பி. கிளவுஸைக் கழட்டிட்டு, எனக்குத்தான் கையாட்டினாரு."