புதுப்பட்டினத்துக்கு ஐந்து மைல்

மூன்றாவது முறையாகக் காற்று நூர்முகமதுவைச் சைக்கிளோடு சேர்த்துச் சாலையை விட்டுக் கீழே தள்ளியது.

இந்தத் தடவை அவன் உடனே எழுந்திருக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டியாகிவிட்டது. புதுப்பட்டினத்துக்கு இன்னும் ஐந்து மைல். இரண்டு பக்கமும் மரம் கிடையாது, வீடு கிடையாது. மாடு மேய்கிற வெறும் புல்வெளி. அந்தப் புல்லும் இன்று தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

கடலில் புயல் சின்னம் என்று செங்கல்பட்டு டீக்கடை ரேடியோ காலையிலேயே சொன்னது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இமயமலை அடிவாரம் வரை மிதித்துவிட்டு வந்தவனைச் சொந்த ஊர்க் காற்று என்ன செய்துவிடும் என்ற மிதப்பு.

சொந்த ஊர்க் காற்றுதான் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

எழுபத்தாறாம் வருஷம் தை மாதம் கிளம்பியவன். தனி ஆளாகப் பத்து மாதம், இந்தியா முழுக்க. போன ஊரிலெல்லாம் தபால் ஆபீஸ் முத்திரை வாங்கிய நோட்டு பையில் இருந்தது. பஸ், ரயில், லாரி எதிலும் ஒரு அடிகூட ஏறியதில்லை. பாலமில்லாத ஓர் ஆற்றைப் படகில் கடந்ததைக்கூட ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தான்.

"விழுப்புரத்துலயே ரயிலேறித் திரும்பிடுவான்" என்று கிளம்பின அன்றே மைத்துனன் காஜா மொய்தீன் கடைத்தெருவில் வைத்துச் சிரித்தான். அவர் மிதித்துத்தான் வருவார், வராவிட்டால் என்னைக் கேள் என்று சுராயா தன் அண்ணனிடம் நேருக்கு நேராகச் சொன்னாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் பத்து மாதமும் ஊரில் தலை நிமிர்ந்து நடந்தாள். புருஷனுக்குப் போட்ட கடிதம் ஒவ்வொன்றிலும் கடைசி வரி இதுதான்: ஒரு அடிகூட ஏறிடாதீங்க மச்சான்.

பள்ளிவாசல் முன்னால் மூன்று மணிக்கு வரவேற்பு. மணி நான்கு ஆகிவிட்டது.

பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிறார்களே, அங்கே சிமென்ட் ஏற்றிப் போகிற லாரி.

"எவன் பாக்கப் போறான்? ஏறு அண்ணாத்த" என்றார் டிரைவர். "காத்து உன்னத் தூக்கிக்கினு பூடும்."

நூர்முகமது முடியாது என்று தலையாட்டினான். வீம்புக்கு எழுந்து நின்று சைக்கிளை நிமிர்த்தினான். அது அவன் கையை உதறிக்கொண்டு மறுபடி சாய்ந்தது. ரோட்டில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

எவன் பார்க்கப் போகிறான்.

நாலு மைல்தானே. ஊருக்கு ஒரு மைல் முன்னால் புளியந்தோப்பு வரும். அங்கே இறங்கிக்கொண்டு மீதியை மிதித்துப் போய்விடலாம். டிரைவரிடம் அப்படியே சொல்லிவிட்டு, சைக்கிளை மேலே ஏற்றித் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளி, தானும் சிமென்ட் மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டான்.

லாரி அந்தக் காற்றை மதிக்கவே இல்லை. பத்து மாதத்தில் முதல் முறையாகச் சாலை தானாக நகர்ந்தது, கால் சும்மா கிடந்தது. அந்தச் சுகம் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. சுகமாகவும் இருந்தது.

லாரி மெல்ல நின்றது. இறங்குவதற்காகப் பின்பக்கத் தார்ப்பாயை ஒரு சாண் தூக்கினான்.

தோப்பில் பாதி ஊர் நின்றது.

இந்தக் காற்றில் தனியாக வருகிறானே என்று பதறி, ஒரு மைல் நடந்து எதிர்கொண்டு வந்திருந்தார்கள். காஜா மொய்தீன் கையில் ரோஜா மாலை. பாதிப் பூவைக் காற்று கொண்டுபோய்விட்டது. வழியில் எங்கள் மாப்பிள்ளையைச் சைக்கிளில் பார்த்தீர்களா, நல்லபடியாக இருக்கிறாரா என்று அவன் டிரைவரிடம் கேட்பது பின்னால் வரை கேட்டது. டிரைவர் இருமினார்.

எல்லோரும் முன்பக்கம் டிரைவரைச் சூழ்ந்திருக்க, லாரிக்குப் பின்னால் சுராயா மட்டும் நின்றாள். தலையில் போர்த்திய துப்பட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, காலியாகக் கிடந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள்.

தார்ப்பாய்க்கு அடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

அவள் எட்டித் தார்ப்பாயைக் கீழே இழுத்துவிட்டாள்.

அப்புறம் அவள் குரல்தான் கேட்டது. டிரைவர் பக்கம் நடந்துகொண்டே சொன்னாள்:

"இங்க நிறுத்தாதீங்கண்ணா, வண்டிய எடுங்க. எங்க வூட்டுக்காரரு சைக்கிள்ல வர்ற வழி இது."

லாரி கிளம்பியது. நூர்முகமது மறுபடி தார்ப்பாயைத் தூக்கவில்லை.