கள்ளியில் குதித்தவர்

“அசையாதீங்க. பெரிய முள்ளெல்லாம் வந்துடுச்சு. இனிமே சுணைதான்.”

நர்ஸ் பிளாஸ்திரியை ஒட்டிச் சட்டென்று உரித்தாள். கண்ணுக்கே தெரியாத சுணைமுட்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. கட்டிலில் குப்புறப் படுத்திருந்த இளைஞன் தலையணையைக் கடித்தான்.

“எப்படி விழுந்தீங்க?”

“கடலோரமா நடந்துட்டிருந்தேன் சிஸ்டர். கால் தடுக்கி, சப்பாத்திக்கள்ளிப் புதர்ல விழுந்துட்டேன்.”

“கால் தடுக்கினா மூஞ்சியிலதானே குத்தியிருக்கணும்? மதில்லேருந்து குதிக்கிறவங்களுக்குத்தான் இந்த இடத்துல ஏறும்.”

இளைஞன் கொஞ்ச நேரம் தலையணையோடு ஆலோசித்தான்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஒரு பொண்ணைப் பார்க்கப் போனேன். அவங்கம்மா வேலைக்குப் போன நேரம். அப்பாதான் முரடர், மீசையைப் பார்த்தாலே கால் நடுங்கும். தோட்டத்துல நிக்கிறேன், அந்த மனுஷன் இருமுற சத்தம். பக்கத்து மதில்ல ஏறிக் குதிச்சுட்டேன்.”

“கட்டிக்கிற எண்ணம் இருக்கா, இல்ல மதில்மேல் பூனையா?”

“சத்தியமா இருக்கு சிஸ்டர். எங்க வீட்லகூடச் சொல்லிட்டேன். வாசல் வழியாப் போய்ப் பொண்ணு கேட்கத்தான் தைரியம் வரல. அது கிடக்கட்டும், மதிலைச் சுத்தி யாராவது சப்பாத்திக்கள்ளி நடுவாங்களா? அவங்கம்மா யோசனையாம். ராட்சசியாத்தான் இருக்கணும்.”

இந்த முறை பிளாஸ்திரி மெதுவாக உரிந்தது. அது இன்னும் வலித்தது.

“அந்த உப்பு மண்ணுல வேற எதை நட்டாலும் கருகிப்போகுது. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?”

இளைஞனின் காதுமடல் இரண்டும் கள்ளிப்பழமாய்ச் சிவந்தன.

“அத்தை... நான் வந்து...”

“குப்புறப் படுத்துக்கிட்டு உறவு கொண்டாடாதீங்க. அசையாம இருங்க.”

“மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இந்நேரம் என்னைத் தெருத் தெருவாத் தேடிட்டிருப்பார்.”

“அவர் யாரையும் தேடல” என்று நர்ஸ் பக்கத்துக் கட்டிலின் திரையை விலக்கினாள்.

அங்கே பெரிய மீசைக்காரர் ஒருவர் அதே கோலத்தில் குப்புறக் கிடந்தார். “வாங்க தம்பி” என்றார், தலையைத் தூக்காமல்.

“சிகரெட்டை விட்டுட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினவர்” என்றாள் நர்ஸ், பிளாஸ்திரியை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டில் பக்கம் திரும்பியபடி. “தோட்டத்துல ஒளிஞ்சு ஊதும்போது உங்க காலடிச் சத்தம் கேட்டிருக்கு. நான்தான் சீக்கிரம் வந்துட்டேன்னு நினைச்சு, பின்பக்க மதில்ல ஏறிக் குதிச்சிருக்கார்.”