அளவு ஜாக்கெட்

ரெஜினா டெய்லரின் மேசையில், அளவெடுக்கும் டேப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஜாக்கெட் கிடந்தது. புதுசு தைக்க வரும்போதெல்லாம் வசுமதி அதைத்தான் அளவுக்குக் கொண்டுவருவாள்.

"அக்கா, வசுமதியம்மா பெருத்துட்டாங்க. இனிமே நான் சொல்றதுதான் அளவு. என் இஞ்ச் எந்த ஊருக்குப் போனாலும் மாறாது" என்றது டேப்.

"உனக்கென்னப்பா! அளவு தப்பிப்போனா நான் அடுப்படியில கைப்பிடித் துணிதான்."

ரெஜினா டேப்பை வசுமதியின் உடம்பில் சுற்றிப் பார்த்து, "ரெண்டு இஞ்ச் கூடியிருக்கு" என்றாள்.

வசுமதிக்குச் சுருக்கென்றது. "உங்க டேப் சுருங்கிப்போச்சு. இந்த ஜாக்கெட் அளவுக்கே தைங்க."

ரெஜினா டேப்பை டிராயருக்குள் போட்டாள்.

"தப்பாவா அக்கா அளந்தேன்?" என்று உள்ளேயிருந்து கேட்டது டேப்.

"சரியாத்தான் அளந்தே கண்ணு. இப்போ சத்தம் போடாம இரு" என்றது ஜாக்கெட்.