கூரைக்குப் போகாத செம்பி

"நாளைக்கு விடியாது சகோதரி. முட்டையை விட்டு எழும்பு. கூரைக்கு வா, அங்கிருந்துதான் எல்லாரும் மேலே எடுத்துக்கொள்ளப்படுவோம்" என்றார் பாஸ்டர் சேவல்.

கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்த செம்பிக்குப் பயம்தான். ஆனாலும் பயத்தை முந்திக்கொண்டு கேள்வி வந்தது.

"முட்டைக்குள்ள இருக்கிற என் பிள்ளைங்க, பாஸ்டர்?"

"அதுங்க இன்னும் மனந்திரும்பலையே."

"பொரிஞ்சு வந்ததும் மனந்திரும்பச் சொல்றேன். ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்களேன்."

"உனக்காக உலக முடிவைத் தள்ளிவைப்பாங்களா? விசுவாசம் இல்லாதவ, அதான் கேள்வி கேட்கிற."

மற்ற கோழிகள் பாட்டுப் பாடிக்கொண்டே கூரையேறிவிட்டன. செம்பியும் பாதி எழுந்தாள். வயிற்றடியில் குளிர்காற்று புகுந்ததும், முட்டைகள் சில்லிட்டுப் போகுமே என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி முழுக்க மேலே ஸ்தோத்திரச் சத்தம். தான் மட்டும் கைவிடப்பட்டால் என்ன செய்வது என்று நினைத்தபடியே அவள் முட்டைகளைப் புரட்டிப் புரட்டி வைத்தாள்.

கிழக்கு லேசாக வெளுத்தது. கண்ணை மூடி மேலே போகக் காத்திருந்த பாஸ்டர், பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டி, ஊரே கேட்கிற மாதிரி கூவிவிட்டார்.

கூரையில் பாட்டு நின்றது.

செம்பி கூடையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன் பாஸ்டர், விடியாதுன்னீங்களே. இப்ப யாரை எழுப்புறீங்க?"