தகரத்தில் விழுந்த அடி

செத்துப்போனவன் இன்றைக்கும் முந்திக்கொண்டான்.

பாட்டின் நடுவே எல்லா வாத்தியமும் ஒரு மூச்சு நின்று, பிறகு டிரம்ஸ் மட்டும் தனியாகப் பாய வேண்டிய இடம் அது. வெண்ணிலா குச்சியை இறக்குவதற்குள், வெளியே தகரச் சுவரில் 'டங்' என்று ஓர் அடி விழுந்தது. ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"உதயாதான்" என்றாள் பேஸ் கிதார் வாசிக்கும் ஜெபசெல்வி, கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு. ஏரியின் மேல் வெயில் இன்னும் இறங்கவில்லை. இந்தப் பேய்க்கு இருட்டும் வரைக்கும்கூடப் பொறுமையில்லை.

பழவேற்காட்டில் பங்க் ராக்கா என்று யாரும் சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் விடலைப் பையன்கள் கார் நிறுத்தும் ஷெட்டில் கத்திக் கத்தித்தான் இந்த இசையே பிறந்தது என்று யூடியூபில் பார்த்துவிட்டு, முரளியும் உதயகுமாரும் கிடைத்த ஷெட்டில் தொடங்கிய பேண்டு இது. ஷெட் முரளியின் மாமாவுடையது, குப்பத்தின் ஓரத்தில் இருந்தது. கார் எங்கே கிடைக்கும், கழற்றிப் போட்ட படகு எஞ்சின்கள்தான்.

"கிதார்ல மூணு பிடி தெரிஞ்சா போதும். மீதிக்குக் கோவம் இருந்தா ஆச்சு" என்பான் முரளி. தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் சத்தத்தைக் குழைத்துத் தரும் பழைய பெடல் ஒன்றும் அவனிடம் இருந்தது. உதயன் போன பிறகு அதை அவன் மிதிப்பதே இல்லை.

உதயன், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா சுப்பனுக்கு டிரம்ஸ் சத்தமே ஆகாது. முதலில் வாங்கிய டிரம்ஸைக் கழியால் குத்திக் கிழித்தவர், "இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று மகனையும் துரத்திவிட்டார். அவனும் ரோஷக்காரன், அன்றிலிருந்து ஷெட்டிலேயே படுத்துக்கொண்டான்.

முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவன் போனபோது, அவன் அம்மா சரோஜா சென்னையில் இதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சுடுகாட்டில் சுப்பன் கண்ணீர் விடவில்லை. பேண்டுக்காரர்களைப் பார்த்து, "எங்க வூட்டாண்ட ஒருத்தரும் வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். பிள்ளையைக் கெடுத்தவர்கள் என்ற ஆத்திரம், வேறென்ன? முரளி அந்த வாசல் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

அப்புறம் வந்த டிரம்மர்கள் இரண்டு பேரும் இந்த 'டங்'குக்குப் பயந்து பஸ் ஏறிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சென்னையில், ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் கச்சேரி. உதயன் கட்டிய பாட்டை அங்கே வாசித்தே தீருவது என்று முரளி ஒற்றைக்காலில் நின்றான். வெண்ணிலாவும் ஓடிவிட்டால் பேண்டுக்கு மூடுவிழாதான்.

"பயப்படாத வெண்ணிலா. அந்த எடத்துல அவன் எப்பவுமே அவசரப்படுவான். நானும் எத்தினியோ வாட்டி திட்டிகீறேன்" என்றான் முரளி.

"அப்போ செத்தும் திருந்தலயா?" பொன்னேரிக்காரி, வாய்க்குக் குறைச்சலில்லை. ஆனாலும் உள்ளங்கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி போலாம்."

கிதார் உறுமியது, முரளி தொண்டை கிழியக் கத்தினான். அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது.

டங்.

அதே இடம், அதே அவசரம். வேறெங்கும் விழாமல் சொல்லிவைத்தாற்போல அங்கே மட்டும் விழுகிறதே! யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வெண்ணிலாவின் கையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. இதற்குமேல் உட்கார்ந்திருந்தால் தானும் பஸ் ஏறிவிடுவோம் என்று தோன்ற, குச்சியைப் போட்டுவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே பாய்ந்தாள்.

பேய்க்குக் கால் இருந்தது. முழங்கால் வரை ஏரிச் சேறு. இடுப்பில் ஈர லுங்கி, கையில் சுத்தியல்.

"உதயாவோட நைனா!" பின்னால் ஓடிவந்த முரளி அவள் தோளைப் பிடித்து இழுத்தான். "உள்ள வந்துடு. இதையும் ஒடைக்கத்தான் வந்துகீறாரு."

வெண்ணிலா அசையவில்லை. பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது. "நான் சரியாத்தானே அடிக்கிறேன்? உங்களுக்கு இன்னா பிரச்சன?"

"சரியாத்தாம்மா அடிக்கிற" என்றார் சுப்பன். "அதான் பயமா கீது."

சுத்தியலோடேயே இரண்டு கையையும் கூப்பினார்.

"எம்புள்ள அந்த எடத்துல தப்பாதான் அடிப்பான். நீயும் தப்பாவே அடிம்மா."

"எதுக்கு?"

நாலு வீடு தள்ளி, ஷெட்டைப் பார்த்துத் திறந்திருந்த தன் வீட்டு ஜன்னலை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அவங்கம்மா ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து அங்கதான் படுத்துனுகீறா. அவன் போன சேதி அவளுக்கு இன்னும் தெரியாதும்மா."